முதல் பேப்பரை அனுப்புவோருக்கு: கட்டுரையாளர் பட்டியலில் இருந்து ரிவ்யூவர் பதில்வரை

ஆய்வு முடிந்துவிட்டது, கைடும் “பேப்பராக எழுதிக் கொண்டு வா” என்று சொல்லிவிட்டார். இங்கிருந்து, வெளியாகும் பேப்பருக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ கைக்கு வரும்வரை, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஆறு மாதம் ஆகலாம். இரண்டு ஜர்னல்கள் திருப்பி அனுப்பினால் ஒன்றரை வருடம்கூட ஓடிவிடும். சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்கும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாலு மாதத்தில் பேப்பர் அனுப்புகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்களிடம் பணம் கட்டுகிறார்கள். அதனால் நாட்காட்டியை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மோசமான ஆங்கிலம், நீளமான முன்னுரை, மங்கலான படம் எல்லாவற்றையும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். நெறிக்குழு அனுமதி, கட்டுரையாளர் பட்டியல், மூலத் தரவு மூன்றையும் பின்னால் சரிசெய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டி அவற்றில் இருந்து தொடங்குகிறது.

1. எழுதுவதற்கு முன்: அனுமதிக் கடிதங்கள்

மனிதர்களிடமிருந்து ரத்தம், எச்சில், மருத்துவப் பதிவு, கேள்வித்தாள் பதில் என எதை எடுத்திருந்தாலும் நிறுவன நெறிக்குழுவின் அனுமதி எண் வேண்டும். கேள்வித்தாளுக்குக்கூட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வதே குழுதான். விலக்கு என்றால் அதையும் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள்படி ஒப்பந்தம் செய்துகொண்டு வேறொரு நிறுவனத்தின் குழுவை அணுகலாம். இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். தரவு சேகரித்த பிறகு முன்தேதியிட்டு அனுமதி கிடைக்காது. அப்படித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி.

விலங்குகள் என்றால் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதி. மருத்துவப் பரிசோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அந்தத் தளம் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறது. மூலிகைச் சாறு ஆய்வு செய்பவர்கள் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். செடியை யார் இனங்கண்டார்கள், உலர்மாதிரி எங்கே எந்த எண்ணில் இருக்கிறது என்று ரிவ்யூவர் (ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பிடும் துறை வல்லுநர்) நிச்சயம் கேட்பார். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில், செடி பறித்த வாரமே சான்று வாங்கிவிடுங்கள். சாறு தீர்ந்த பின் வாங்கும் சான்று அந்தச் செடிக்குரியது ஆகாது.

2. யார் பெயர், எந்த வரிசையில்

முதல் வரைவுக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி, முடிவை மின்னஞ்சலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகளை மற்றத் துறைகளும் பெரும்பாலும் ஏற்கின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ கருத்தோடு திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். கருவி இயக்கியவர், நிதி வாங்கித் தந்தவர், துறைத்தலைவர் ஆகியோர் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கட்டுரையாளர் ஆகமாட்டார்கள், நன்றியுரையில் வருவார்கள். “துறைத்தலைவர் பெயரைப் போடாமல் எப்படி?” என்ற தர்மசங்கடம் நம் ஊரில் எல்லோருக்கும் வருவதுதான். ஆளுக்கு என்ன வேலை என்று 14 வகைகளில் குறிக்கச் சொல்லும் ‘கிரெடிட்’ பட்டியலைப் பல ஜர்னல்கள் இப்போது கேட்கின்றன. அந்தப் படிவத்தை முன்கூட்டியே எடுத்து மேஜையில் வைத்தால், நீங்கள் சொல்ல வேண்டியதைப் படிவமே சொல்லிவிடும்.

அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால், நீக்கப்படுபவர் உட்பட எல்லோரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் எடிட்டர் கேட்பார். திருத்தத்தின்போது திடீரென மூன்று வெளிநாட்டுப் பெயர்கள் முளைத்தால், பெயர் விற்கும் கும்பல் என்றுதான் சந்தேகம் போகும். அது வீண் சந்தேகமும் இல்லை. முதல் இடத்துக்கு இவ்வளவு, நான்காம் இடத்துக்கு இவ்வளவு என்று வாட்ஸாப், டெலிகிராமில் விலைப்பட்டியலே சுற்றுகிறது. அந்தப் பேப்பரை ஜர்னல் பின்னாளில் திரும்பப் பெற்றால் அந்த அறிவிப்பிலும் உங்கள் பெயர் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எதையும் கட்டுரையாளராகப் போட முடியாது. மொழி திருத்தப் பயன்படுத்தினால் எந்தச் செயலி, எதற்கு என்று ஜர்னல் கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். அது தந்த மேற்கோள் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத பேப்பருக்கும் அது டிஓஐ எழுதித் தரும்.

3. உங்கள் பெயர்

இன்ஷியல் வைத்திருக்கும் நமக்கென்றே உள்ள தொல்லை இது. பதிவுப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களும் கட்டாயமாக இருக்கும். ஒரு பேப்பரில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப்பெயராகப் போட்டு, அடுத்ததில் இன்ஷியலை மட்டும் போட்டால், தரவுத்தளங்களில் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். மேற்கோள்கள் பிரிந்துபோகும், நேர்காணலில் “இது நீங்கள்தானா?” என்ற கேள்வி வரும். ஒரே வடிவத்தைத் தேர்ந்து, பல்கலைக்கழகப் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருத்தி, கடைசிவரை மாற்றாதீர்கள். திருமணத்துக்குப் பின் இன்ஷியல் மாறும் பெண்களுக்கும் இதுதான் யோசனை. ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் 16 இலக்கம், இலவசம், எடுக்க ஐந்து நிமிடம் போதும். கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் அதில் சேர்த்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி முகவரி மூடப்பட்டுவிடும்.

4. ஜர்னலும் செலவும்

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகள் பிஎச்டி-க்கு பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியை வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிப்புத்தகத்தை ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு வாங்கிப் படியுங்கள். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இன்னும் அதைக் காட்டி விளம்பரம் செய்யும் ஜர்னலுக்கு அந்த ஒரு காரணமே போதும், ஒதுங்கிவிடலாம்.

ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸில் ஜர்னல் இருக்கிறதா என்று பார்க்க ஏஜென்ட் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. ஸ்கோபஸின் ‘சோர்சஸ்’ பக்கத்தில் ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை நீங்களே போட்டுத் தேடுங்கள். சேர்க்கப்பட்ட ஆண்டுகள் இன்றுவரை வருகின்றனவா, நிறுத்தப்பட்டதா என்பது அங்கே இருக்கும். இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸுக்கு ‘மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்’ பக்கம். பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் திருடி, உண்மையான ஜர்னலைப்போலவே தளம் நடத்துகிறவர்களும் உண்டு. எனவே தேடுபொறியில் முதலில் வரும் முகவரியை விட்டு, தரவுத்தளமோ பதிப்பகமோ தரும் இணைப்பு வழியே போங்கள். ஏழு நாளில் அக்செப்டன்ஸ், ஜிமெயில் முகவரிக்குக் கட்டுரை, யாரும் கேள்விப்படாத ‘குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்’, அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறக் கட்டணம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

பெரிய பதிப்பகத்தின் பெயரும் தனிக் காப்பு அல்ல. தன் ஹிந்தாவி பிரிவின் ஜர்னல்களில், குறிப்பாகச் சிறப்பிதழ்களில், வந்த 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்களை 2023இல் வைலி நிறுவனம் திரும்பப் பெற்றது. முன்பின் தெரியாத விருந்தினர் எடிட்டரிடமிருந்து சிறப்பிதழ் அழைப்பு வந்தால் நிதானியுங்கள்.

கட்டணத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாதது: சந்தாவும் திறந்த அணுகலும் (கட்டுரையாளர் கட்டணம் கட்ட, யாரும் இலவசமாகப் படிப்பது) கலந்த ஜர்னல்களில், சந்தா வழியைத் தேர்ந்தால் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அக்செப்ட் ஆன பின் வரும் படிவத்தில் திறந்த அணுகல் கட்டம் கண்ணைக் கவரும்படி முதலில் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிடுகிறார்கள். இந்திய அறிவியல் அகாதமியின் ஜர்னல்களும் கட்டணம் வாங்குவதில்லை. முழுத் திறந்த அணுகல் ஜர்னலில் கட்டணம் 2,000 டாலர் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 2,360 டாலர் என்று கணக்குப் போடுங்கள். உச்சத்தைக் காட்ட ஓர் எண்: 2021இல் நேச்சர் திறந்த அணுகலைத் தொடங்கியபோது வைத்த கட்டணம் 9,500 யூரோ. கட்டண விலக்கு வேண்டுமானால் அனுப்பும்போதே கேளுங்கள். அக்செப்ட் ஆன பின் கேட்டால் பல பதிப்பகங்கள் மறுத்துவிடும். ஏழை நாடுகளுக்குத் தானாகக் கிடைக்கும் விலக்குப் பட்டியலில் இந்தியா பொதுவாக வராது.

5. ஒப்புமை அறிக்கை

உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தருவதுதான் ஒப்புமை அறிக்கை. யுஜிசியின் 2018 விதிமுறைகளில் 10 சதவீதம்வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை, 40க்கு மேல் 60 வரை, 60க்கு மேல் என்று மூன்று படிகள். மேற்கோள் பட்டியல், நன்றியுரை, தொடர்ச்சியாக 14 சொல்வரை தற்செயலாக ஒத்துப்போகும் பொதுத்தொடர் போன்றவை கணக்கில் வராது. மென்பொருளில் இந்த விலக்குகளைப் போட்டுத்தான் அறிக்கை எடுக்கிறார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். ஆய்வேட்டில் 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

ஆனால் எடிட்டர் மொத்த சதவீதத்தை மட்டும் பார்ப்பதில்லை. எந்த இடம் ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார். செய்முறைப் பகுதியில் 15 சதவீதம் மன்னிக்கப்படலாம். முடிவுரையில் ஒரே பேப்பரிலிருந்து 4 சதவீதம் மன்னிக்கப்படாது. சதவீதத்தைக் குறைக்கச் சொல்மாற்றிச் செயலியில் போடுவது இன்னும் மோசம். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பதை ‘புஸம் பெரில்’ (bosom peril) என்றும், ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பதை ‘கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’ (counterfeit consciousness) என்றும் அது மாற்றிய பேப்பர்கள் அச்சிலேயே வந்திருக்கின்றன. அந்தச் சொற்களை வைத்தே போலிகளைத் தேடிப் பிடிக்கும் கருவியும் வந்துவிட்டது. உங்கள் பழைய பேப்பரிலிருந்தே எடுத்தாலும் குறிப்பிட்டாக வேண்டும்.

6. அனுப்பும் நாள்

கையில் இருக்க வேண்டியவை: ஒரு பக்கத்துக்கு மிகாத முகப்புக் கடிதம், எல்லோரின் ஓர்கிட் எண்கள், நெறிக்குழு அனுமதியின் எண்ணும் தேதியும், நிதித் திட்ட எண், நலன்முரண் அறிக்கை, தரவு எங்கே கிடைக்கும் என்ற வாக்கியம், தனித்தனிக் கோப்பாகப் படங்கள். புகைப்படத்துக்கு 300 டிபிஐ, கோட்டுப் படத்துக்கு 600 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். படம் முழுவதற்கும் ஒரே அளவில் வெளிச்சம் கூட்டலாம். புரதமோ டிஎன்ஏவோ பட்டைகளாகத் தெரியும் ஜெல் படத்தில் ஒரு பட்டையை மட்டும் கருமையாக்கக் கூடாது. ஜெல் படத்தை வெட்டி ஒட்டினால் வெட்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். வெட்டாத மூலப் படத்தை இப்போதே ஒரு கோப்புறையில் வையுங்கள். எக்செல்லுக்கு மாற்றியது மட்டும் போதாது, கருவி தந்த கோப்பும் வேண்டும்.

ரிவ்யூவர் பெயர் பரிந்துரைக்கச் சொன்னால், கடந்த சில ஆண்டுகளில் உங்கள் குழுவோடு சேர்ந்து எழுதியவர்களையும் கைடின் பழைய மாணவர்களையும் தவிர்க்க வேண்டும். நிறுவன மின்னஞ்சலைத்தான் கொடுக்க வேண்டும். போலி முகவரி கொடுத்துத் தாங்களே ரிவ்யூ எழுதிக்கொண்டார்கள் என்று, 2017இல் ஒரே புற்றுநோய் ஜர்னலிலிருந்து 107 பேப்பர்களை ஸ்பிரிங்கர் திரும்பப் பெற்றது.

அனுப்பியாயிற்றா? எடிட்டர் மேஜையிலேயே திரும்புவதானால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தெரியும். ரிவ்யூவுக்குப் போனால் இரண்டு முதல் நான்கு மாதம். மூன்று மாதம் கழித்துப் பேப்பர் எண்ணோடு நாலு வரியில் நிலவரம் கேட்கலாம். பொறுமை போய் வேறு ஜர்னலுக்கும் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு ஜர்னலும் ஒரே ரிவ்யூவரைக் கூப்பிடுவது சின்னத் துறைகளில் சாதாரணம். வெளியேற வேண்டுமென்றால் எழுத்தில் கேட்டு, விடுவித்த கடிதம் வந்த பிறகு அடுத்த இடம்.

7. முடிவுக் கடிதம் வந்ததும்

மேஜர் ரிவிஷன் (பெரிய திருத்தம்) என்றால் சோர்ந்துபோகிறார்கள். அது நல்ல செய்தி. கதவு திறந்திருக்கிறது என்று பொருள். ரிவ்யூவர் 2 எப்படித் திட்டியிருந்தாலும் அன்றைக்கு பதில் எழுதாதீர்கள். கடிதத்தில் எடிட்டர் தன் வார்த்தையில் என்ன சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். மூன்று ரிவ்யூவர்கள் 31 கருத்து சொல்லியிருக்க, எடிட்டர் இரண்டை மட்டும் எடுத்துச் சொல்லியிருந்தால் முடிவை நிர்ணயிப்பவை அந்த இரண்டு. கெடு வழக்கமாக 30 முதல் 90 நாள். கூடுதல் நாள் வேண்டுமானால் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கெடு தாண்டினால் புதுப் பேப்பராகக் கணக்கிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள்.

பிறகு ஓர் அட்டவணை போடுங்கள்: கருத்து எண், என்ன கேட்கிறார், யார் செய்வது, எத்தனை நாள். ஒரு பத்தியில் மூன்று கேள்வி இருந்தால் மூன்றாகப் பிரித்து எண் கொடுங்கள். பிரிக்காமல் விட்டால் நடுக்கேள்வி விடுபட்டுப்போகும். அது ரிவ்யூவர் கண்ணில் தவறாமல் படும்.

8. பதில் கடிதம்

இந்தக் கடிதத்தை ரிவ்யூவரும் படிப்பார். ஆனால் முடிவு செய்யப்போவது எடிட்டர். அவருக்கு உங்கள் துறையின் நுணுக்கம் தெரியாமலிருக்கலாம், நேரமும் இராது. பேப்பரைத் திறக்காமலே, கடிதத்தை மட்டும் படித்து “கேட்டதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது” என்று அவர் உணர வேண்டும். ஆகவே ரிவ்யூவரின் சொற்களை அப்படியே ஒட்டி, கீழே வேறு நிறத்தில் பதில், அதன் கீழே மாற்றிய வாக்கியம் முழுதாக, பக்கம், வரி எண்ணோடு. உதாரணம்:

*கருத்து 2.4: மாதிரிகளின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தார்கள் என்று சொல்லவில்லை.*

*பதில்: விடுபட்டதைச் சுட்டியதற்கு நன்றி. எண்ணிக்கையை முன்கூட்டிய கணக்கீட்டின்படி முடிவு செய்யவில்லை. ஆறு மாதத்தில் வந்த, தகுதியுள்ள எல்லா நோயாளிகளையும் சேர்த்தோம். இதைச் செய்முறையில் (பக்கம் 6, வரி 142–145) சொல்லி, இதன் வரம்பை விவாதத்திலும் (பக்கம் 14, வரி 371) குறித்துள்ளோம்.*

கவனியுங்கள்: செய்யாத கணக்கீட்டைச் செய்ததாக இந்தப் பதில் சொல்லவில்லை. நெறி பற்றிப் பேசும்போது எல்லோரும் எழுத்துத் திருட்டையே நினைக்கிறார்கள். ஆனால் அதிகமான பொய்கள் நுழையும் இடம் இதுதான். கெடு நெருங்குகிறது, ரிவ்யூவர் ஒரு எண்ணைக் கேட்கிறார், அதைப் பின்னோக்கித் தயாரித்துவிடலாம் என்ற ஆசை வரும். நடந்ததை அப்படியே எழுதி வரம்பாக ஒப்புக்கொண்டால் பெரும்பாலான எடிட்டர்கள் ஏற்கிறார்கள்.

வெறும் “திருத்திவிட்டோம்” என்பது பதில் ஆகாது. எங்கே, எப்படி என்று தேடும் வேலை அவர் தலையில் விழும்.

ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டாரா? விளக்கம் கடிதத்தோடு நிற்கக் கூடாது. அவரைத் தடுக்கிய வாக்கியத்தையும் மாற்றுங்கள். அவரைப்போல நூறு பேர் அங்கே தடுக்குவார்கள்.

கூடுதல் பரிசோதனை கேட்டால் வழி மூன்று. முடிந்தால் செய்வது. இருக்கும் தரவிலேயே பதில் இருந்தால் அதைத் துணைக்கோப்பில் காட்டுவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் கூற்றின் அளவைக் குறைப்பது. ‘இதனால் அது நிகழ்கிறது’ என்பதை ‘இதற்கும் அதற்கும் தொடர்பு காணப்படுகிறது’ என்று மாற்றினால், அந்தப் பரிசோதனைக்கான தேவையே போய்விடலாம். தலைப்பிலும் சுருக்கத்திலும் சேர்த்து மாற்றுங்கள். உள்ளே மட்டும் மாற்றிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

ரிவ்யூவர் சொன்னதால் புதிதாக ஒரு புள்ளியியல் சோதனை செய்தால், அது பின்னர் செய்யப்பட்டது என்று பேப்பரிலேயே எழுதுங்கள். முதலிலிருந்தே திட்டமிட்டதுபோல் காட்டக் கூடாது.

மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் 20 கருத்தில் இரண்டு, மூன்றுக்கு மேல் மறுத்தால் பிடிவாதமாகத் தெரியும். மறுக்கும்போது காரணம், ஆதாரம், அதோடு பேப்பரில் ஒரு வரியாவது மாற்றம். இரண்டு ரிவ்யூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று எடிட்டருக்கான முன்கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் ஏழெட்டு பேப்பரை மேற்கோள் காட்டச் சொல்கிறார், எல்லாவற்றிலும் ஒரே பெயர். படித்துப் பார்த்து, பொருந்துவதைச் சேர்த்து, மற்றவற்றை “இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை” என்று விட்டுவிடலாம். வற்புறுத்தல் போலத் தெரிந்தால் எடிட்டருக்கு மட்டும் தனியே எழுதுங்கள். வெளியீட்டு நெறிகளுக்கான ‘கோப்’ அமைப்பில் உறுப்பினரான ஜர்னல்களுக்கு இதற்கென்று நடைமுறை உண்டு.

திருத்தும்போது உங்கள் தரவில் நீங்களே ஒரு பிழையைக் கண்டால்? ரிவ்யூவர் யாரும் கவனிக்கவில்லை என்றாலும் முன்கடிதத்தின் முதல் பத்தியில் சொல்லுங்கள். என்ன பிழை, எந்த அட்டவணை மாறியது, முடிவு மாறுகிறதா இல்லையா. இப்போது அது ஒரு பத்தியோடு போகும். அச்சான பிறகு திருத்த அறிவிப்பாகவோ பேப்பர் திரும்பப் பெறுதலாகவோ நிற்கும்.

அனுப்பும் கோப்புகள்: பதில் கடிதம், மாற்றம் தெரியும் பிரதி, சுத்தமான பிரதி. வரி எண்கள் எந்தப் பிரதியைச் சேர்ந்தவை என்று கடிதத்தின் தலையில் எழுதுங்கள். இரண்டு பிரதியிலும் வரி எண் வேறுபடும்.

9. நிராகரித்தால்

மேல்முறையீடு, ரிவ்யூவர் உண்மைத் தகவலில் பிழை செய்திருந்தால் மட்டும். அதுவும் ஒரே ஒரு முறை. மற்றபடி, வந்த கருத்துகளைச் சரிசெய்துவிட்டே அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள். “வேறு ஜர்னலுக்கு மாற்றட்டுமா?” என்று அதே பதிப்பகம் கேட்டால், பொத்தானை அழுத்துமுன் அந்த ஜர்னலின் கட்டணத்தைப் பாருங்கள். அநேகமாக அது முழுத் திறந்த அணுகல் ஜர்னலாக இருக்கும்.

10. அக்செப்ட் ஆன பின்

மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) வரும், 48 மணி நேரம்தான் தருவார்கள், அதுவும் சனிக்கிழமையில் வரும். பெயர்கள், இன்ஷியல், நிறுவனப் பெயர், நிதி எண், அட்டவணைத் தசமப்புள்ளி, µ (மைக்ரோ) போன்ற குறிகள் ஆகியவற்றைப் பாருங்கள். எழுத்துரு மாறும்போது மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிடும். மருந்தளவில் அது ஆயிரம் மடங்கு. புது வாக்கியம் எழுத இது இடமில்லை. உரிமை மாற்றப் படிவத்தைக் கையெழுத்திடுமுன், அக்செப்ட் ஆன பிரதியைக் கல்லூரிக் களஞ்சியத்தில் எப்போது வைக்கலாம் என்ற காலக்கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தா வழியில் பெரும்பாலும் 12 மாதம். சிலவற்றில் 6, சிலவற்றில் 24.

வெளியான பிறகு பிழை தெரிந்தால், ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் கட்டுரையாளரான கரஸ்பாண்டிங் ஆத்தர் எடிட்டருக்கு எழுத வேண்டும். பிழையான வரி, சரியான வரி, முடிவு பாதிக்கப்படுகிறதா என்ற விளக்கம், எல்லாக் கட்டுரையாளர்களின் ஒப்புதல், மூலத் தரவு ஆகிய ஐந்தும் முதல் மின்னஞ்சலிலேயே போய்விட்டால் திருத்த அறிவிப்பு வேகமாக வெளிவரும்.